4-ஆவது இடமா, 29-ஆவது இடமா?

டிஸ்கி: இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிட்டு ஓடுற அமெரிக்கக் கால்பந்து. விதி தெரியாதவங்களும் படிக்கலாம், வேண்டிய அளவுக்கு நடுவில் சொல்லிடறேன்.

ஒரே அணி, ஒரே வருஷம், அதே 17 ஆட்டம். ஒரு கணக்குப்படி 32 அணிகளில் அவங்க டிஃபென்ஸுக்கு 4-ஆவது இடம். இன்னொரு கணக்குப்படி 29-ஆவது இடம். ரெண்டும் யாரோ டீக்கடையில் கிறுக்கின கணக்கு இல்லை. ரெண்டும் நிஜக் கணக்குதான்.

நான் சொல்றது எங்க ஊர் அணி, கரோலைனா பாந்தர்ஸ். 2023 சீசன். விட்டுக்கொடுத்த யார்டுகளை எண்ணினால் 4-ஆவது. விட்டுக்கொடுத்த புள்ளிகளை எண்ணினால் 29-ஆவது. அந்த வருஷம் ஷார்லட்டில் பொட்டி தட்டிட்டு இருக்கிற நம்மாளுங்க நாலு பேர் ஒரு வீட்டில் சாப்பிடக் கூடினால் போதும், பிரியாணி ஆறுறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும். "அண்ணே, டிஃபென்ஸ் பாவம்ணே. நாலாவது ரேங்க்கு. அஃபென்ஸ்தான் கவுத்துட்டானுங்க" என்று ஒரு தம்பி. "என்னத்த பாவம்? ஆட்டத்துக்கு 24 புள்ளி வாரிக் கொடுத்திருக்கானுங்க" என்று இன்னொருத்தர்.

என் கட்சி என்னன்னா, ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. அஃபென்ஸ் படுத்துட்டா, அந்த அணியின் டிஃபென்ஸ் நல்லதா கெட்டதா என்று சொல்ற அளவுகோலே உடைஞ்சு போயிடும். உடைஞ்ச அளவுகோலை வெச்சு அளந்துட்டு, அதை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போட்டால் என்ன ஆகும் என்பதையும் நாங்க அடுத்த வருஷமே பார்த்தோம். அதைக் கடைசியில் சொல்றேன்.

ஒரு நிமிஷப் பாடம்

மைதானம் 100 யார்டு. ஒவ்வொரு அணியிலும் தாக்க ஒரு பதினோரு பேர், தடுக்க வேற பதினோரு பேர். அஃபென்ஸ், டிஃபென்ஸ். ஒரே நேரத்தில் ரெண்டு கோஷ்டியும் களத்தில் இருக்க மாட்டாங்க. பந்து கிடைச்ச அணிக்கு 10 யார்டு நகர நாலு வாய்ப்பு. நகர்ந்தால் மறுபடி நாலு. மூணு வாய்ப்பில் முடியலைன்னா பெரும்பாலும் நாலாவதில் பந்தைத் தூர உதைச்சு எதிராளிக்குக் கொடுத்துடுவாங்க. அதுதான் பன்ட். கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி, கூடவே ஒரு உதைக்கு 1. தாண்ட முடியலைன்னா தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைச்சு 3 புள்ளி, அது ஃபீல்டு கோல். அவ்வளவுதான் பாடம்.

அந்த 2023 அணி எப்படி இருந்துச்சு? 17 ஆட்டத்தில் 2 வெற்றி, 15 தோல்வி. மொத்த சீசனுக்கும் எடுத்தது 236 புள்ளி. டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எதிரணிகள் 62 தடவை கீழே தள்ளினாங்க. தலைமைப் பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக்கை 11 ஆட்டத்தோட வீட்டுக்கு அனுப்பினாங்க. கடைசி ரெண்டு ஆட்டம் 26-0, 9-0. பூஜ்யம் நம்மோடது, சொல்லவே வேண்டாம் :-)

புள்ளிக் கணக்கு ஏன் பொய் சொல்லும்?

முதலில் அந்த 29-ஆவது இடத்தை எடுத்துக்கலாம். அந்த வருஷம் எதிரணிகள் எடுத்தது மொத்தம் 416 புள்ளி. டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது என்று பட்டியலில் போடுவது இந்த எண்ணைத்தான். ஆனால் இதில் டிஃபென்ஸ் களத்திலேயே இல்லாதபோது போன புள்ளிகளும் இருக்கு.

நவம்பர் 5, 2023. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் 27-13 தோல்வி. அதில் கென்னி மூர் என்ற ஒரே ஆள், பிரைஸ் யங் எறிந்த பந்தை ரெண்டு தடவை நடுவில் பறிச்சு, ரெண்டு தடவையும் டச்டவுன் வரைக்கும் ஓடினார். 14 புள்ளி. அப்போ எங்க டிஃபென்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு இருந்தது. மினசோட்டா வைக்கிங்ஸ் ஜெயிச்ச 21-13 ஆட்டத்திலும் நம்மாளு கீழே விட்ட பந்தை எடுத்துட்டு ஓடி ஒரு டச்டவுன். டாலஸ் கௌபாய்ஸ் ஜெயிச்ச 33-10 ஆட்டத்திலும் இன்டர்செப்ஷனில் ஒரு டச்டவுன். இந்த மூணு ஆட்டத்தில் மட்டும் 28 புள்ளி. எல்லாமே டிஃபென்ஸ் பெயரில் பற்று எழுதப்பட்டது.

இது நேரடிக் கணக்கு. மறைமுகக் கணக்கு இன்னும் மோசம். நம்ம அஃபென்ஸ் நம்ம பக்கத்து 25 யார்டு கோட்டில் பந்தைப் பறிகொடுக்குதுன்னு வைங்க. எதிராளி உள்ளே வர்றார். மூணு தடவை முயற்சி, டிஃபென்ஸ் மூணையும் அடைச்சாச்சு, ஒரு யார்டுகூட நகர விடலை. இதைவிட நல்லா தடுக்க முடியாது. ஆனால் அங்கேயிருந்து ஃபீல்டு கோல் தூரம் சுமார் 43 யார்டுதான். இந்த லீகில் உதைக்கிறவங்களுக்கு அது சாதாரணம். பூஜ்யம் யார்டு, மூணு புள்ளி. டிஃபென்ஸ் வேலையைச் செஞ்சுது, பட்டியல் அதைத் திட்டுது.

புள்ளிப் பலகை எவ்வளவு ஏமாத்தும் என்பதற்கு எல்லாரும் பார்த்த உதாரணமே இருக்கு. ஜனவரி 28, 2001-ல் நடந்த சூப்பர் பவுல். பால்டிமோர் ரேவன்ஸ் 34, நியூயார்க் ஜயண்ட்ஸ் 7. அந்த 7 எப்படி வந்தது? உதைச்சுக் கொடுத்த பந்தைப் பிடிச்சு ரான் டிக்ஸன் 97 யார்டு ஓடினார். ஜயண்ட்ஸின் அஃபென்ஸ் அந்த டிஃபென்ஸுக்கு எதிராக எடுத்தது பூஜ்யம். ஆனால் பலகை 7 என்றுதான் சொல்லும்.

அதனால் 29-ஆவது இடம் அநியாயம். இதுவரைக்கும் அந்தத் தம்பி கட்சி ஜெயிக்குது. ஆனால் கொஞ்சம் பொறுங்க.

யார்டு கணக்கும் பொய் சொல்லும்

டிஃபென்ஸுக்காகப் பரிதாபப்படுறவங்க இங்கேதான் நின்னுடறாங்க. "புள்ளியைப் பார்க்காதே, யார்டைப் பார்" என்பாங்க. மோசமான அஃபென்ஸ் யார்டு கணக்கில் டிஃபென்ஸுக்கு உதவி செய்யும் என்பது பலருக்குத் தோணுறதே இல்லை. ரெண்டு வழியில் உதவி செய்யும்.

முதல் வழி சின்னக் கணக்கு. எதிராளிக்குப் பந்து நம்ம 40 யார்டு கோட்டில் கிடைச்சால், அவர் அதிகபட்சம் எவ்வளவு யார்டு எடுக்க முடியும்? 40. டச்டவுன் போட்டாலும் 40 யார்டுதான் ஏறும். அதே எதிராளி அவர் பக்கத்து 10 யார்டு கோட்டில் ஆரம்பிச்சு, 50 யார்டு நகர்ந்து, முடியாமல் பன்ட் அடிச்சால்? 50 யார்டு ஏறும், புள்ளி பூஜ்யம். பந்தை அடிக்கடி மோசமான இடத்தில் பறிகொடுக்கிற அணிக்கு எதிராக யார்டு எடுக்கவே இடம் குறைவு. புள்ளிக் கணக்கில் டிஃபென்ஸுக்கு அநியாயம் செய்த அதே விஷயம், யார்டு கணக்கில் அதுக்குச் சலுகை கொடுக்குது.

ரெண்டாவது வழியை நம்ம கிரிக்கெட்டை வெச்சுச் சொன்னால் சட்டுனு புரியும். 20 ஓவர் ஆட்டம். நம்ம ஆளுங்க முதலில் ஆடி 110-க்கு ஆல் அவுட். எதிரணிக்கு ஓவருக்கு ஆறு ரன்கூடத் தேவையில்லை. அவங்க நிதானமாத் தட்டி ஆடறாங்க. நம்ம ஸ்பின்னர் 4 ஓவர் போட்டு 20 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் முடிக்கிறார். ஆட்டம் தோல்வி. மறுநாள் பேப்பரில் பார்த்தால் இவர் கணக்கு மட்டும் ஜம்முனு இருக்கும். அவர் நல்லாப் போட்டாரா, இல்லை அவரை அடிக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரலையா? அந்தக் கணக்கை வெச்சுச் சொல்லவே முடியாது.

இங்கேயும் அதே கதைதான். எதிரணி 17-3 என்று முன்னால் இருக்கு, நம்ம அஃபென்ஸ் திணறுதுன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க எதுக்குப் பந்தைத் தூர எறிஞ்சு ஆபத்தை விலைக்கு வாங்கணும்? கையில் கொடுத்து ஓட விடுவாங்க. மூணு யார்டு, ரெண்டு யார்டு, கடிகாரம் ஓடிட்டே இருக்கும். பன்ட் அடிச்சு, "இந்தா நீ தடுமாறு" என்று விட்டுடுவாங்க. தூர எறிகிற பந்தில்தான் யார்டு குவியும். எறியாவிட்டால் டிஃபென்ஸ் சமர்த்தாகத் தெரியும். பாந்தர்ஸ் ஆட்டத்துக்குச் சுமார் 294 யார்டு மட்டும் கொடுத்ததில் இதுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இன்னொன்னு. பந்தைப் பறிக்கிறது டிஃபென்ஸ் தன் கையால் செய்கிற வேலை. அதில் 2023 பாந்தர்ஸ் லீகின் அடிமட்டம். எதிரணி ஆபத்தான பந்தே எறியாதபோது பறிக்க வாய்ப்பு குறைவு என்பது நிஜம். ஆனால் அந்தப் பரிதாபத்தையும் எடுத்துக்கிட்டு, 4-ஆவது இடத்தையும் எடுத்துக்க முடியாது. ஏதாவது ஒண்ணைத்தான் எடுத்துக்கணும்.

"பாவம், களைச்சுப் போயிட்டாங்க"

இது எல்லா டிவி விமரிசகரும் சொல்ற வசனம். அஃபென்ஸ் மூணு ஆட்டத்தில் திரும்பி வந்துடுது, டிஃபென்ஸ் மூச்சு வாங்கறதுக்குள்ள மறுபடி களத்தில். கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. கொஞ்சம் உண்மையும் இருக்கு.

ஆனால் ஒண்ணு யோசிங்க. பந்து இவங்ககிட்ட ஒரு தடவை, அவங்ககிட்ட ஒரு தடவை என்றுதான் மாறுது. ஆட்ட முடிவில் ரெண்டு அணிக்கும் கிடைச்ச வாய்ப்புகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். ஒரு டிஃபென்ஸ் களத்தில் ரொம்ப நேரம் நிற்க முக்கியமான காரணம், எதிராளி மூணாவது வாய்ப்பில் 10 யார்டைத் தாண்டும்போது இவங்களால் நிறுத்த முடியாததுதான். நிறுத்திட்டா நீங்களே வெளியே வந்துடலாமே. 12 தடவை தாக்கி நகர்ந்துட்டு வர்ற எதிராளியைப் பார்த்து "அஃபென்ஸ் எங்களுக்கு ஓய்வு கொடுக்கலை" என்று சொல்றது, வீட்டுக்கதவைத் திறந்து போட்டுட்டு வாட்ச்மேனைத் திட்டுற மாதிரி.

அப்போ எப்படித்தான் பார்க்கிறது?

என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. எதிரணி கட்டாயம் புள்ளி எடுத்தே ஆகணும் என்ற நேரத்தில் இந்த டிஃபென்ஸ் என்ன செய்தது? அதுதான் பரீட்சை. மத்ததெல்லாம் வீட்டுப்பாடம்.

அஃபென்ஸ் படுத்த அணியில் இந்தப் பரீட்சை அபூர்வமாகத்தான் நடக்கும். அதனாலேயே அந்தச் சில தருணங்களைத் தேடிப் போய்ப் பார்க்கணும்.

2000-ஆம் வருஷத்து ரேவன்ஸைப் பாருங்க. அக்டோபர் மாசம் முழுக்க, அஞ்சு ஆட்டத்தில் அவங்க அஃபென்ஸ் ஒரு டச்டவுன்கூடப் போடலை. அஞ்சு ஆட்டத்தில் மொத்தம் 42 புள்ளி, எல்லாமே மாட் ஸ்டோவர் உதைச்ச 14 ஃபீல்டு கோல். அந்த அஞ்சில் டிஃபென்ஸ் இருந்தும் எதிரணிகள் எடுத்தது 0, 10, 10, 14, 9. கூட்டினால் 43. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்து மூணு! ரெண்டு வெற்றி, மூணு தோல்வி. ஆட்டம் எந்நேரமும் ஒரு கையெட்டும் தூரத்தில். எதிரணி படுத்துத் தூங்க முடியாத நிலை. அப்பவும் ஆட்டத்துக்கு ஒன்பது புள்ளிக்கும் குறைவாகத்தான் கொடுத்தாங்க.

அதோட நிற்கலை. குவார்ட்டர்பேக் டோனி பேங்க்ஸை உட்கார வெச்சு ட்ரெண்ட் டில்ஃபரைக் கொண்டு வந்தாங்க. அஃபென்ஸ் சுமாராக நிமிர்ந்துச்சு. அதுக்கப்புறம் தொடர்ந்து 11 வெற்றி, கடைசியில் கோப்பை. நாக்கவுட் சுற்றில் நாலு ஆட்டமும் ஜெயிச்சாங்க. துரத்த வேண்டிய கட்டாயத்தில் இருந்த எதிரணிகள் எல்லாம் பந்தை எறிஞ்சு பார்த்தாங்க. அந்த நாலு ஆட்டத்திலும் சேர்த்து அந்த டிஃபென்ஸுக்கு எதிராக வந்த டச்டவுன் ஒண்ணே ஒண்ணு. 16 ஆட்ட வழக்கமான சீசனில் விட்டது 165 புள்ளி, 16 ஆட்ட சீசன்களில் அதுதான் சாதனை. இது டிஃபென்ஸ். அஃபென்ஸ் படுத்தப்பவும் பாஸ், அஃபென்ஸ் எழுந்தப்பவும் பாஸ்.

இப்போ அதே கேள்வியை எங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்போம்.

அக்டோபர் 15, 2023, மயாமி. ஆச்சரியமா பாந்தர்ஸ் 14-0 முன்னால். அதாவது மயாமி டால்ஃபின்ஸ் இனிமேல் புள்ளி எடுத்தே ஆகணும். எடுத்தாங்க. தொடர்ச்சியா 35. முடிவு 42-21. சரி, மயாமி அந்த வருஷம் யாரையும் விட்டு வைக்கலை, எங்க பக்கம் ஜேசி ஹார்ன், ஷாக் தாம்ப்ஸன் எல்லாம் காயத்தில் வெளியே. ஒத்துக்கறேன், பாதி மார்க் போடலாம்.

டிசம்பர் 24. கிரீன் பே பாக்கர்ஸ். பிரைஸ் யங் அந்த சீசனில் ஆடின நல்ல ஆட்டம், 312 யார்டு எறிஞ்சார். கடைசிப் பகுதியில் 30-30 என்று சமன் ஆக்கியாச்சு. டிஃபென்ஸ் ஒரு தடவை நிறுத்தினால் போதும். பாக்கர்ஸ் அமைதியா நகர்ந்து வந்து கடைசி நிமிஷத்தில் ஃபீல்டு கோல் போட்டு 33-30 என்று முடிச்சாங்க. அஃபென்ஸ் 30 புள்ளி எடுத்த அபூர்வமான நாளில் டிஃபென்ஸ் கொடுத்தது 33. யார்டு ரேங்க்கைக் கட்டிப்பிடிச்சு அழுறவங்க இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் மறுபடி பார்க்கணும்.

நியாயமாச் சொல்லணும்னா, பாஸான பரீட்சையும் உண்டு. அக்டோபர் 29, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். அந்த வருஷம் சிறந்த புதுமுக அஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கின சி.ஜே. ஸ்ட்ரௌட் எதிரில். கடைசி வரை இழுபறி. 13 புள்ளியில் மடக்கி 15-13 என்று ஜெயிச்சாங்க. அங்கே முழு மார்க்.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தால் அது 29-ஆவது டிஃபென்ஸும் இல்லை, 4-ஆவது டிஃபென்ஸும் இல்லை. நடுவாந்தரம். இதைச் சொன்னால் ரெண்டு கோஷ்டியும் அடிக்க வர்றாங்க :-)

அதே வருஷம், இன்னொரு அணி

விசித்திரம் என்னன்னா, அதே 2023-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் சரியா 236 புள்ளிதான் எடுத்தது. அவங்க டிஃபென்ஸ் அடுத்தடுத்த மூணு ஆட்டத்தில் கொடுத்தது 10, 10, 6. மூணும் தோல்வி! கோல்ட்ஸிடம் 10-6, ஜயண்ட்ஸிடம் 10-7, சார்ஜர்ஸிடம் 6-0. ஜயண்ட்ஸ் ஆட்டத்தில் கடைசி வினாடிகளில் 35 யார்டு ஃபீல்டு கோல் போயிருந்தால் சமன், அதையும் தவற விட்டாங்க. பத்து புள்ளிக்கு மேல் கொடுக்காமல் வரிசையா மூணு ஆட்டம் தோற்றது 1938-க்குப் பிறகு அவங்கதான்.

ஆனால் மேலே சொன்ன அளவுகோலை இங்கே வெச்சால் வேற பதில் வருது. 6-0 என்பது எதிரணி நிம்மதியாத் தூங்கக்கூடிய முன்னிலையா? ஒரு டச்டவுன் போனால் ஆட்டமே போச்சு. எதிராளிக்கு இன்னும் புள்ளி தேவை, முயற்சி பண்றார், கிடைக்கலை. பரீட்சை 60 நிமிஷமும் நடந்தது. கோல்ட்ஸும் ஜயண்ட்ஸும் பெரிய குவார்ட்டர்பேக் இல்லாமல் வந்தாங்க என்று அஞ்சு மார்க் குறைச்சுக்கலாம். சார்ஜர்ஸுக்கு ஜஸ்டின் ஹெர்பர்ட் இருந்தும் ஒரு டச்டவுன்கூட வரலையே. இந்த டிஃபென்ஸுக்காக யாராவது பரிதாபப்பட்டால் நானும் கூடச் சேர்ந்துக்கறேன். ஒரே 236 புள்ளி, ரெண்டு வேற தீர்ப்பு.

இதெல்லாம் வெட்டிப் பேச்சா?

சாப்பாட்டு மேஜையில் பேசினால் வெட்டிப் பேச்சு. அணி நிர்வாகம் பேசினால் சம்பளம், வேலை, ஒப்பந்தம் எல்லாம் அதில் தொங்குது.

2024 மார்ச் மாசம் பாந்தர்ஸ் என்ன செய்தது? அஃபென்ஸைத் தூக்கி நிறுத்தணும் என்று முடிவு பண்ணினாங்க. தப்பே இல்லை, 62 தடவை விழுந்த பையனைக் காப்பாத்தணும். ராபர்ட் ஹன்ட்டுக்கு 5 வருஷம், 10 கோடி டாலர். டேமியன் லூயிஸுக்கு 4 வருஷம், 5.3 கோடி டாலர். ரெண்டு பேரும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கிற காவல்காரங்க. டிராஃப்டில் முதல் ரெண்டு தேர்வும் அஃபென்ஸ்.

அதே நேரத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துறதில் கெட்டிக்காரரான பிரையன் பர்ன்ஸை ஜயண்ட்ஸுக்கு வித்தாங்க. ஃப்ராங்கி லூவு வாஷிங்டனுக்குப் போனார். டான்டே ஜாக்ஸனைக் கொடுத்துப் பந்து பிடிக்கிற ஆள் ஒருத்தரை வாங்கினாங்க. ஜடேவியன் க்ளௌனி மாதிரி சிலரை டிஃபென்ஸுக்கும் எடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனால் மொத்தக் கணக்கில், "டிஃபென்ஸ்தான் நாலாவது இடமாச்சே, அது தானே பார்த்துக்கும்" என்ற நினைப்பு அதில் இருந்ததாகத்தான் எனக்குப் படுது.

2024 செப்டம்பர், முதல் ஆட்டம். நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் 47, நாங்க 10. அந்த ஆட்டத்திலேயே நடுத்தூண் டெரிக் பிரவுனுக்கு முழங்காலில் அடி, சீசனே போச்சு. வருஷ முடிவில் விட்டுக்கொடுத்தது 534 புள்ளி. லீக் வரலாற்றிலேயே ஒரு சீசனில் மிக அதிகம். 1981-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் கொடுத்த 533-ஐத் தாண்டியாச்சு. (அவங்க 16 ஆட்டத்தில் கொடுத்தாங்க, நாங்க 17-ல். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் அவங்கதான் இன்னும் மோசம். மொத்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதுக்கு இதுவும் ஒரு உதாரணம்.)

ரெண்டு வருஷமும் டிஃபென்ஸை நடத்தினவர் ஒரே ஆள், எஜிரோ எவெரோ. ஒரு வருஷம் 4-ஆவது, மறு வருஷம் சரித்திரத்திலேயே கடைசி. அவர் மூளை ஒரே கோடை விடுமுறையில் காணாமப் போயிடுச்சா? இல்லை. 4 என்பதும் முழுசா அவருடையது இல்லை, 534 என்பதும் முழுசா அவருடையது இல்லை. 2025-க்கும் அவரையே நிர்வாகம் வெச்சுக்கிட்டது. அது சரியான முடிவு என்றுதான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். பட்டியலைப் பார்த்து ஆளைத் தூக்குறவங்க அதே பட்டியலைப் பார்த்து மறு வருஷம் ஏமாறுவாங்க.

கடைசியா, அடுத்த தடவை உங்க அணியின் அஃபென்ஸ் படுத்துட்டு, டிஃபென்ஸைப் பத்திச் சண்டை வந்தால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. எதிராளிக்குப் பந்து எங்கே கிடைச்சுது, எங்கே விட்டுட்டுப் போனார்? மொத்த யார்டு வேண்டாம்.

2. டிஃபென்ஸ் களத்தில் இல்லாதபோது போன புள்ளி எவ்வளவு? அதைக் கழிங்க.

3. எதிராளி நிஜமாவே முயற்சி பண்ணினாரா, இல்லை கடிகாரத்தை ஓட்டிட்டு இருந்தாரா?

4. அஃபென்ஸ் என்னைக்காவது முன்னிலை வாங்கிக் கொடுத்தப்போ, அல்லது ஆட்டம் சமனில் நின்னப்போ, டிஃபென்ஸ் அதைக் காப்பாத்துச்சா?

நாலாவது கேள்விக்குத்தான் முக்கால்வாசி மார்க். அதுக்குப் பதில் இல்லாமல் "பாவம் டிஃபென்ஸ்" என்று சொல்றதும் ஜல்லி, "தண்ட டிஃபென்ஸ்" என்று சொல்றதும் ஜல்லி.

கொசுறு: 2000 ரேவன்ஸுக்கு சூப்பர் பவுல் ஜெயிச்சுக் கொடுத்த குவார்ட்டர்பேக் ட்ரெண்ட் டில்ஃபரை அடுத்த சீசனுக்கு அந்த அணி வெச்சுக்கலை. கோப்பை டிஃபென்ஸால் வந்தது என்று அவங்க முடிவு பண்ணிட்டாங்க. டிஃபென்ஸ் நல்லா இருக்கும்போது அஃபென்ஸை எப்படி எடை போடுறது என்று இன்னொரு பதிவு எழுதணும் போல. ஆபீஸில் ஆணி குறையட்டும், பார்க்கலாம்.